துடக்கு நாளில் ஒரு குளிசை

எங்கள் வீட்டில் காணாமல் போகக்கூடாத எதுவும் சாமிப்படத் தட்டில்தான் இருக்கும். அம்மாவின் தோடு, காணி உறுதிப் பத்திரம், அவற்றோடு என்னுடைய குளிசை அட்டையும். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையைக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தது நானில்லை, அம்மாதான். "பொடியன் எடுத்து விழுங்கிப்போடுவான். உசரத்தில கிடக்கட்டும்" என்றார். மகனுக்கு அப்போதுதான் பால் மறக்கடித்திருந்தேன். கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போடுகிற வயது அவனுக்கு.

மட்டக்களப்புப் பக்கம் கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பிள்ளை பெற்ற பிறகும் நான் தேற்றாத்தீவில் அம்மாவின் சட்டத்துக்குள்தான் இருந்தேன். இவருக்குப் பதுளையில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டில் நிற்பார். நான் வந்தாறுமூலைக் கம்பஸில் கடைசி வருசம். மகனுக்காக ஏற்கெனவே ஒரு வருசம் விட்டிருந்தேன். இன்னொரு பிள்ளை தங்கி இன்னொரு தடவை விட்டால், திரும்பிப் போவேன் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. அந்தக் குளிசையை நம்பித்தான் என் படிப்பு கிடந்தது.

மாதவிலக்கு வந்தால் எங்கள் ஊரில் துடக்கு. முழுகும் வரைக்கும் சாமி அறைக்குள் கால் வைக்கக்கூடாது. பின் விறாந்தையில் எனக்குத் தனிப் பாய், தனிக் கோப்பை. கம்பஸில் இதையெல்லாம் எதிர்த்து வாய் கிழியப் பேசிவிட்டு வந்து, அந்தப் பாயில் சுகமாகச் சாய்ந்து கிடப்பேன். சமையல் இல்லை, கூட்டுவது இல்லை, பிள்ளையும் அம்மாவின் இடுப்பில். வாவிக் காத்து வாழை மரங்களுக்குள்ளால் வரும். நல்லெண்ணெயில் முட்டை பொரித்து அம்மா கொண்டுவந்து வைப்பார். இப்போது எல்லா அறைக்குள்ளும் எல்லா நாளும் போய் வருகிறேன், யாரும் தடுப்பதில்லை. ஆனால் அந்த விறாந்தையை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முதல் மாதம் துடக்கு வந்தபோது குளிசை உள்ளே, நான் வெளியே. அம்மாவை எடுத்துத் தரச் சொன்னேன்.

"அதான் வந்திட்டே புள்ள, மறுகா என்னத்துக்குக் குளிசை? துடக்கோட மருந்து குடிச்சா உடம்பு ஏற்காது. முழுகிப்போட்டு விட்ட இடத்தில இருந்து குடி."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிள்ளை தங்கவில்லை என்று உடம்பே சொல்லிவிட்டது, பிறகு எதற்கு? முழுகிய பிறகு, வெள்ளைக் குளிசைகள் முடிந்து அட்டையில் மிச்சமிருந்த மண்ணிறக் குளிசைகளை ஒழுங்காகக் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் புது அட்டையை உடைத்தேன். மாதா மாதம் இதே கூத்து.

ஒரு மாதம் துடக்கு வரவில்லை.

இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தேன். சோறு இறங்கவில்லை. மகன் மடியில் ஏற வந்தால் எரிந்து விழுந்தேன். களுவாஞ்சிக்குடிப் பாமசியில் சோதிக்கிற சாமான் வாங்கினால் நான் வீடு வந்து சேர முதல் செய்தி வந்து சேர்ந்துவிடும். அங்கே கடைக்குக் கடை சொந்தக்காரர். அதனால் கம்பஸ் பஸ்ஸில் போய்ச் செங்கலடியில் இறங்கி வாங்கினேன். கம்பஸ் கழிவறைக்குள் நின்று பார்த்தேன். ஒரு கோடுதான், பிள்ளை தங்கவில்லை. அங்கேயே குந்தியிருந்து அழுதேன்.

அந்தக் கிழமை எங்கள் பகுதி மிட்வைஃப் வீட்டுக்கு வந்தார். வெட்கத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"தங்கச்சி, பிள்ளை தங்காமப் பாக்கிறது இந்த வெள்ளைக் குளிசைதான். மண்ணிறம் வெறும் இரும்புச் சத்து, அது குடிக்கிற நாளிலதான் துடக்கு வரும். நீங்க துடக்குக்கு நிப்பாட்டி, மறுகா மண்ணிறத்தையும் குடிச்சு முடிச்சா, வெள்ளைக் குளிசை இல்லாத நாள் இரட்டிப்பாப் போகுது. அதுக்குள்ள பிள்ளை தங்கிரும். ரத்தம் போனாலும் போகாட்டியும் ஒரு நாளும் விடக்கூடாது. அட்டை முடிஞ்ச மறுநாளே அடுத்தது. எப்பவாவது பிந்திச்செண்டா கொஞ்ச நாளைக்கு அவரையும் கவனமா இருக்கச் சொல்லுங்க."

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சில நாளில் துடக்கு வந்தது. பின் விறாந்தையில் பாயை விரித்துக்கொண்டு, இன்றைக்கு அம்மாவோடு சண்டைதான் என்று மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு வைத்த கையோடு அம்மாவே சாமி அறைக்குள் போய்க் குளிசையை எடுத்துவந்தார். எட்ட நின்று போடவில்லை. துடக்கென்றும் பாராமல் என் உள்ளங்கையைப் பிடித்து வைத்தார், தண்ணீரும் தந்தார். நான் விழுங்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

"எனக்கும் அந்தக் காலத்தில இது கிடைச்சிருந்தா மூண்டோட நிப்பாட்டியிருப்பன்" என்றார்.

அம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது நான்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "உன்னச் சொல்லல்ல புள்ள" என்றார்.

எனக்குக் கோபமே வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. "சரி, நிப்பாட்டியிருந்தா என்னம்மா செய்திருப்பீங்க?" என்று பகிடியாகக் கேட்டேன்.

அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. பாயின் ஓரத்தில் குந்தி, உண்மையாகவே யோசித்தார்.

"கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பன்" என்றார்.