உள்பக்கக் கைப்பிடி

மாவடிப்பள்ளி நெல் ஆலையின் பின்புறத்தில், ஆலைக்கார ஹாஜியார் ஏலத்தில் வாங்கிய பழைய இராணுவக் கவச வாகனம் நின்றது. பெருநாளைக்கு முன் அதை ஓடவைத்துவிட வேண்டுமென்பது அவர் ஆசை. நான் வயரிங் வேலைக்குப் போயிருந்தேன். வெல்டிங் வேலை செய்தவரை அதற்கு முன் கண்டதில்லை.

மெலிந்த மனிதர். நரைத்த தாடியில் ஆங்காங்கே பொறி பட்டுக் கருகியிருந்தது. வாகனத்துக்குள் ஏறினால் முதலில் கண்ணை மூடிக்கொண்டு சுவர்களைத் தடவுவார். எதையோ தேடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். ஹாஜியார் தந்த பழைய படத்தில் பின்கதவின் உட்பக்கம் கைப்பிடியே கிடையாது. இவரோ, உள்ளிருந்தும் கதவைத் திறக்கும்படி, யாரும் சொல்லாமலே ஒன்றைச் செய்து பொருத்தியிருந்தார்.

தேநீர் குடிக்கும்போது அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

“காக்கா, உள்ளுக்கு அந்தப் புடி என்னத்துக்கு?”

அவர் கோப்பையை ஊதினார். “இதுமாதிரி ஒண்டுலதான் தம்பி, ஒருக்கா என்னையக் கண்ணக் கட்டி ஏத்தினாங்க. கதவு முழுக்கத் தடவித் தடவிப் பாத்தன். புடி இரிக்கல்ல.”

யார் ஏற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பின்னேரம் ஹாஜியார் வந்தார். “படத்தில இல்லாதது நமக்கு வாணாம். அந்தப் புடிய வெட்டிருங்க.”

வெல்டிங்காரர் கிரைண்டரை எடுத்தார்.

அன்று காலை, தேநீருக்கு முன்பே, ஹாஜியாருக்குப் போன் எடுத்து அந்தப் பிடியைப் பற்றிச் சொன்னவன் நான். வெட்டி முடிக்கும்வரை வெல்டிங்காரர் என் பக்கம் திரும்பவேயில்லை. சொன்னது நான் என்று தெரிந்துதான் திரும்பவில்லையா என்று இன்றும் யோசிக்கிறேன்.