மூன்றாம் தடவை வைத்த பல்

மட்டாஞ்சேரி அம்பல வாசலில் பூ விற்கும் பாண்டிச்செல்விக்கு மேல் முன்பல் ஒன்று பஸ் படியில் விழுந்ததில் போயிற்று. தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் வைத்தார்கள். ஆறே மாதத்தில் ஆடியது, கழற்றினார்கள். ஆறவிட்டு மறுபடி வைத்தார்கள். அது திருகோடு சாமந்திக் கூடைக்குள் உதிர்ந்தது.

எலும்புத்தூள் நிரப்பி மூன்றாம் தடவை வைத்தபோது தேவராவில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பல் டாக்டர் ஸாதனா கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா இனிமே திருகு இறக்க அங்க எலும்பே இருக்காது."

அன்றிலிருந்து பாண்டிச்செல்வியின் வாய்க்கு வனவாசம். கப்பைக்கிழங்கு இல்லை, முறுக்கு இல்லை, முள்ளுக்குப் பயந்து மீனே இல்லை. கஞ்சியைக்கூடக் கடைவாயில் ஒதுக்கித்தான் விழுங்கினாள். ஒரு மனுஷி இதைவிட என்னதான் செய்வாள்? கனவிலும் பல் ஆடியது.

மூன்று மாதம் கழித்துச் சோதிக்க வரச்சொன்ன நாளில், காக்கநாட்டில் வேலை பார்க்கும் மகள் மகா லீவு போட்டுக் கூட வந்தாள். காத்திருக்கும் நேரத்தில் பாண்டிச்செல்வி சாயங்கால ஆர்டருக்கு மல்லிகை கட்டினாள். சும்மா உட்கார்ந்தால் பயமாக இருந்தது. ஸாதனா கதவைத் திறந்தபோது, முடிந்த சரத்தின் நூலை முன்பல்லில் கொடுத்து வெடுக்கென்று கடித்தாள்.

"ஐயோ சேச்சி! என்ன பண்றேள்?"

"நூல அறுக்கேன். கை ரெண்டும் பூவுல இருக்குல்லா."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"யாரு எண்ணுதா? முகூர்த்த நாள்னா இருநூறு இருக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தின்னத்தானே கூடாது என்றார்கள்? நூல் தின்கிற பொருளா என்ன!

நாற்காலியில் சாய்ந்தாள். ஸாதனா படம் எடுத்துப் பார்த்தார். பிறகு கருவியின் பின்முனையால் பல்லை இப்படியும் அப்படியும் நெம்பினார்.

"கெட்டியா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படிக் கடிச்சிருந்தா இதுவும் போயிருக்கும். பூ கட்டற வேலைன்னு முதல்லயே சொல்லியிருக்க வேண்டாமா? ஃபைல்ல ஹவுஸ் வைஃப்னுல்ல இருக்கு!"

முதல் நாள் அந்த ஃபாரத்தை நிரப்பியவள் மகா. அம்மாவின் தொழிலை எழுத அன்று அவளுக்குக் கூச்சம்.

பாண்டிச்செல்விக்குப் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் ஆத்திரமும்.

"ரெண்டு பல்லு போச்சேட்டி."

மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மகளின் கையில் திணித்தாள்.

"அத அடிச்சிட்டு எழுது. பூக்காரின்னு."