என் பெயரில் ஓடியவன்

போன ஞாயிறு எங்கள் விளாங்குடி வீட்டில் ஒரு கொலை முயற்சி நடந்தது. செய்தது நான்… ஏவிவிட்டது பக்கத்து வீட்டுக் குபேந்திரன்.

மஸ்கட்டில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பேத்தியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வெப்கேமில் காட்டுவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். மத்தியானமே என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

கம்ப்யூட்டரோ நகர மறுத்தது. மவுஸை அசைத்தால், அம்பு நன்றாக யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான்.

குபேந்திரன் வங்கி ஆபீசர். கம்ப்யூட்டர் என்றால் கூப்பிடாமலே வந்துவிடுவார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தார் – உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியல். எல்லாம் நான் கேள்விப்படாத பெயர்கள். அதிலும் எஸ்விசிஹோஸ்ட் என்று ஒரே பெயரில் ஐந்து பேர்!

"அண்ணே, வைரஸேதான். ஒரே பேர்ல எதுக்குண்ணே இம்புட்டு ஆளு? ஒவ்வொண்ணா தூக்கிருங்க!"

முதல் ஆளைத் தூக்கினேன். 'ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்' என்று ஒரு கட்டம் வந்து, விநாடிகளை எண்ண ஆரம்பித்தது. சொன்னபடியே அணைந்தது. மறுபடி போட்டால் அதே ஐந்து பேர், அதே ஆமை வேகம். மணி நாலரை.

"பார்மட் பண்ணிருவோமாண்ணே?" என்றார் குபேந்திரன். அதாவது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது. ஐந்து மணிக்குப் பேத்தி?

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. சிலிண்டர் வந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகை வந்தாலும் சரி – கேட்டைத் திறக்குமுன் அவள் கேட்பது ஒரே கேள்விதான். அதையே இங்கேயும் கேட்டாள்.

"பேரு கெடக்கட்டும் தம்பி. ஒவ்வொருத்தனும் யாரு வீட்டு ஆளு? அதைப் பாருங்க மொதல்ல."

அட… யார் பெயரில் ஓடுகிறது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே! நாலு பேருக்கு நேரே சிஸ்டம், நெட்வொர்க் சர்வீஸ் என்று இருந்தது. கம்ப்யூட்டரின் சொந்த வீட்டு ஆட்கள். அதில் ஒருத்தரின் கழுத்தைத்தான் நான் பிடித்திருக்கிறேன். ஐந்தாமவனுக்கு நேரே… என் பெயர்!

நான் எப்போது இவனைக் கூட்டிவந்தேன்? அவன் இருக்குமிடத்தைத் தேடிப் பார்த்தோம். மற்றவர்கள் சிஸ்டம் ஃபோல்டரில் குடியிருக்க, இவன் மட்டும் மீன்தொட்டி ஸ்கிரீன்சேவருக்குள் – கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது திரையில் மீன் நீந்துமே, அதற்குள் – ஒளிந்திருந்தான். அந்த ஸ்கிரீன்சேவர் சிடியைக் கொடுத்தது யார்? குபேந்திரன் ஜன்னலுக்கு வெளியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனை நிறுத்தினேன். எதுவும் அணையவில்லை. மீன்தொட்டியோடு சேர்த்து அழித்ததும் மவுஸ் துள்ளி ஓடியது.

யோசித்தால் வேடிக்கைதான். முகம் தெரியாமல் உள்ளே வேலை பார்ப்பவர்களைச் சந்தேகப்படுகிறோம். நம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவனை விசாரிக்காமல் உட்காரவைத்து இலை போடுகிறோம். இல்லையா?

ஐந்து மணிக்குத் திரையில் ஒரு குட்டி முகம் வந்தது. மனைவி திரையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"யாரு வீட்டுப் பிள்ளைடி நீயி?"

பேத்தி வாயைக் கோணிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி, அப்படியே என்னைப் போலவே கொட்டாவி விட்டாள்.

என் பெயரைச் சொல்லி வந்தவர்களில் இவள்தான் அசல்!