அரிப்பு நின்றதும் கூப்பிடுகிறேன்

அரிப்புக்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம், "ரெண்டு வேளை தடவுங்க, சொறியாதீங்க" என்று வாய் வலிக்கச் சொல்வாள் மருந்துக்கடைக்காரி. சொல்லிக்கொண்டே தன் முழங்கையை மேசை விளிம்பில் தேய்ப்பாள். வாங்கிப் போகிறவர்களுக்குச் சட்டென்று குணமாகிவிடும். இவளுக்குத்தான் வருடக்கணக்காக விட்டபாடில்லை. நன்றி சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அதெல்லாம் சில்லறைப் பொறாமை. மொத்தமும் வீட்டிலிருந்த நாத்தனார்மேல்தான்.

"இது யாருக்கும் ஒட்டாதும்மா" என்று தோல் டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவள் நம்பினால்தானே! "அரிப்பு நின்னதும் கூப்பிடுறேன், அதுவரைக்கும் அத்தைகிட்ட இரு" என்று நாலு வயது மகளைத் தள்ளியே வைத்தாள். பிள்ளை என்ன செய்யும்? அத்தை மடியே கதி என்றானது. அதைப் பார்த்து இவளுக்கு வயிறு எரிந்தது. அனுப்பியதும் இவள்தான், எரிந்ததும் இவள்தான். பொறாமைக்கு ஏது நியாயம்?

காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. மனம் சோர்ந்த அன்று அரிப்பு கூடும். அரிப்பு கூடினால் மனம் இன்னும் சோரும். "மனசு எப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கேன்" என்று களிம்புச் சீட்டோடு நழுவிவிடுவாள்.

ஒரு விடுமுறை நாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பொம்மையைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, தான் எட்டப்போய் உட்கார்ந்தாள். சட்டைக் கையை ஏற்றி, ஒன்றுமில்லாத கையைக் கரகரவென்று சொறிந்தாள்.

"அரிப்பு நின்னதும் கூப்பிடுறேன், அதுவரைக்கும் அத்தைகிட்ட இரு" என்றாள் பொம்மையிடம்.

கதவோரம் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரி அப்படியே நிறுத்தினாள்.

"தினமும் இதே விளையாட்டுதான் அண்ணி" என்றாள் நாத்தனார். "ஒருநாள் நான் அம்மாவா இருக்கேன்னாலும் விடமாட்டேங்குறா. அவதான் அம்மாவாம், நான் எப்பவும் அத்தைதானாம்." குரலில் லேசான புகைச்சல். இவளுக்கு அது நன்றாகப் பழகிய புகைச்சல்.

இவள் நாத்தனார் பக்கத்தில் வந்து கேட்டாள். "நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வரியா? தனியா போனா நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன். எனக்கு மனசு நல்லா இல்ல."

நாத்தனார் மடித்த சட்டையைக் கீழே வைத்தாள். "வரேன் அண்ணி."

இவள் தரையில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள்.

பிள்ளை நம்பாமல் பார்த்தது. "அரிப்பு நின்னுடுச்சாம்மா?"

"இல்லடா. நீ வா."