ஊசியில் மூன்று மில்லிமீட்டர் குறைந்தது

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை 7 மணி 50 நிமிடம். திருவொற்றியூரில் லேசான தூறல். காற்று மணலி ஆலைகள் பக்கமிருந்து நாற்றத்தோடு அடித்ததால் ஜன்னலைச் சாத்திவிட்டு, குழல் விளக்கு வெளிச்சத்தில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஊசி என் இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கியது.

எழுபத்திரண்டு வயதுக் கிழவனுக்குத் தையல் மெஷினில் என்ன வேலை என்று இதுவரை பதினாறு பேர் கேட்டுவிட்டார்கள். பதினாறு பேருக்கும் பதில் ஒன்றுதான். கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. திங்கட்கிழமை தொட்டில் போடும் விசேஷம். கடையில் குழந்தைக்கு விரிக்கும் சிறு மெத்தை விரிப்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சே இல்லை, ஏதோ நைலான் குப்பை. அதற்குக் கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில், நானே தைக்கிறேன் என்று வந்துவிட்டேன். பழைய வண்ணாரப்பேட்டையில் கட்பீஸ் துணி இரண்டு கிலோ வாங்கி, எட்டுக்கு எட்டு என்று அறுபத்து நான்கு சதுரங்கள் வெட்டினேன். இறந்துபோன என் மனைவியின் மெஷின் இருந்தது. முழங்கால் ஒத்துழைக்காததால் அதற்கு மோட்டார் மாட்டி வைத்திருந்தேன். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்தவன் நான். நேர்கோட்டில் தைப்பது ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை.

எதிர் வீட்டுப் பெண் வியாழக்கிழமையே எச்சரித்தாள். ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் ஒரு கம்பெனியில் அவள் டெய்லர். என் மகள் வயதுதான், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். வாசலில் நின்று மெஷினைப் பார்த்தவள், "இன்னா நைனா, இத்தினி கனத்துக்குப் பதினொண்ணாம் நம்பர் ஊசி போட்டுகினு கீற? பதினெட்டு போடு, இல்லாங்காட்டி ஒடிஞ்சி மூஞ்சில அடிக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பாக்கெட்டில் பதினொன்றாம் நம்பர் ஊசி இன்னும் ஆறு மீதி இருந்தது. ஆறையும் வைத்துக்கொண்டு புதுப் பாக்கெட் வாங்குவானேன்? கதவைச் சாத்தினேன்.

சனிக்கிழமை காலை, நான்கு மூலைகள் சேரும் தடித்த இடத்தைத் தாண்டும்போது துணி நகரவில்லை. விரலால் தள்ளிக் கொடுத்தேன். மோட்டார் நிற்கவில்லை. என் அலறலைக் கேட்டு, கம்பெனி வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் சாப்பாட்டுப் பையோடு ஓடி வந்தாள். நான் விரிப்பையே கையில் சுற்றி அழுத்திப் பிடித்திருந்தேன்.

"கைய மேல தூக்கிப் புட்ச்சிக்கோ" என்று ஒரு துண்டைக் கட்டிவிட்டாள். அது சரி. அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் மண்டியிட்டு எதையோ தேட ஆரம்பித்தாள்.

"என்னம்மா தேடுகிறாய்?"

"ஊசி. ஒடிஞ்ச துண்டு எத்தினி, மொன எங்க?"

"என் விரலில் ரத்தம் கொட்டுகிறது, உனக்கு ஊசிதான் முக்கியமா?"

"ரவ நேரம் சொம்மா இரு நைனா. டேப்பு எங்க வெச்சிகீற?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்தக் காலத்து மனிதர்களின் ஈரம் இவ்வளவுதான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே டேப் இருக்கும் டப்பாவைக் காட்டினேன். மெஷினில் மாட்டியிருந்த மேல் துண்டைக் கழற்றினாள். தரையில் கிடந்த ஒரு துண்டைப் பொறுக்கினாள். இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் பாக்கெட்டிலிருந்து ஒரு முழு ஊசியையும் ஒட்டினாள். தேதி, நேரம் எழுதினாள். என் ஸ்கேலை வைத்து அளந்தாள். முழு ஊசி முப்பத்தெட்டு மில்லிமீட்டர். கிடைத்தவை இருபத்தாறும் ஐந்தும்.

"ஏழு கொறையுது. மொனையே இல்ல."

அவர்கள் கம்பெனியில் அதுதான் சட்டமாம். ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கித் தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்தில் தைத்த துணி எல்லாம் அப்படியே நிற்கும். யாரோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் ஊசி முனை இருந்துவிடக் கூடாது என்பதற்காக. அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே வேன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

பக்கத்தில் இருந்த தனியார் கிளினிக்குக்கு என்னை ஆட்டோவில் கூட்டிப்போனாள். இனி நான் எழுதுவதை வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். விரலில் ஊசி ஏறிய எனக்கு அங்கே முதலில் எடுத்தது இ.சி.ஜி. "வயசாச்சில்ல சார், எதுக்கும் பாத்துடலாம்" என்றார் டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். ஒரு தடுப்பூசி போட்டு, விரலைக் கழுவிக் கட்டினார்கள். விரலுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அவள் அந்தத் தாளை நீட்டினாள். "டாக்டர், ஏழு மில்லிமீட்டர் கெடைக்கல. ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க."

டாக்டர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "அது எங்கயாவது கீழ விழுந்திருக்கும்மா. பெருக்கினா வந்துடும்." மருந்து எடுத்துக் கொடுக்கும் ஆள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஊசிக்குப் போஸ்ட்மார்ட்டமா?" என்றான். உள்ளே இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள்.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். டாக்டரே சொன்ன பிறகு டெய்லர் என்ன என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "ஏழு மில்லி மாயமாவா போச்சு? ஒண்ணு உன் வெரல்ல கீது, இல்லாங்காட்டி கொழந்த படுக்கிற துணில கீது. எதுல கீதுன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போ" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பலில் ஒரு மூட்டை குறைந்தால், அது எங்கே என்று தெரியும்வரை தாளில் கையெழுத்துப் போடாத நான், என் பேரன் விஷயத்தில் பெருக்கினால் வந்துவிடும் என்று சொன்னவரோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனைக்குப் போனோம். எனக்கு முன்னால் நாற்பத்து மூன்று பேர். இரண்டரை மணி நேரம் நின்றோம். மழையில் நனைந்தவர்கள் வாடையும் பினாயில் வாடையும் கலந்து எனக்குக் குமட்டியது. ஆனால் அங்கே இருந்த சின்ன வயது லேடி டாக்டர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை யார் ஒட்டினது?" என்று கேட்டார். ஏதோ தப்பு என்று நினைத்து நான் அவளைக் கையால் காட்டினேன். டாக்டர் உடனே எக்ஸ்ரேவுக்கு எழுதினார்.

படத்தில் எலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரே ஒரு கோடு தெரிந்தது. விரலை மரத்துப்போகச் செய்து, கீறி, எடுத்தார்கள். நூல் கோக்கும் ஓட்டையோடு இருந்த துண்டு. டாக்டர் அதைக் கழுவி என்னிடம் தரவில்லை, அவளிடம் கொடுத்தார். அவள் அங்கேயே தாளில் ஒட்டினாள். மருத்துவமனையில் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று ரத்தக் கறையைக் கழுவ விரிப்பை எடுத்தேன். அவள் ஸ்கேலை எடுத்தாள்.

"நாலுதான் நைனா. முப்பத்தஞ்சு ஆச்சு. இன்னும் மூணு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விரல் விண் விண் என்று தெறித்தது. காலையிலிருந்து ஒரு காபியைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. "மூன்று மில்லிமீட்டருக்காக அறுபத்து நான்கு சதுரத்தையும் பிரிக்கச் சொல்கிறாயா? நாளை மறுநாள் விசேஷம். பதினொரு நாள் உழைப்பு" என்று கத்தினேன்.

அவள் சத்தம் போடவில்லை. "எவனோ பெத்த புள்ள சட்டைக்கே மொன கெடைக்காம எங்க லைனு நவுராது. உன் பேரனுக்கு வேணாமா?" என்று கேட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று என்னால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. ஒரு கையால் மூன்று பொத்தான் போட நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் கட்டிலில் கிடந்த விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூப்போட்ட சதுரம், கோடு போட்ட சதுரம். நன்றாகத்தான் வந்திருந்தது. அதன் மேல் ஒரு மாதக் குழந்தையைக் குப்புறப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். முதலில் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை மேலே தேய்த்துப் பார்த்தாள். பஞ்சு கனத்தில் எதுவும் வரவில்லை. பிறகு அவள் தையலை வெட்டி வெட்டிக் கொடுக்க, நான் வலது கையால் பஞ்சை எடுத்து வெள்ளைத் தட்டில் உதிர்த்துக் காந்தத்தை ஓட்டினேன். விரிப்பையே கையில் சுற்றி அழுத்தியிருந்ததால், முனை எந்த மூலையில் ஏறியது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. முதல் வரிசை முடிந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாம் வரிசையில் மூன்றாவது சதுரம், அதாவது முப்பத்தைந்தாவது. காந்தத்தின் ஓரத்தில் மீசை முடி அளவுக்கு ஏதோ ஒட்டியது.

அவள் அதை டேப்பின் ஓரத்தால் எடுத்துத் தாளில் வைத்தாள். ஸ்கேலை என்னிடம் தந்தாள். "நீயே பாரு." முப்பத்தெட்டு. அவள் தாளின் அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ தாளில் போட்டது போலவே, கணக்குச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விரிப்பு தைத்துக் கொண்டுவருவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்த நான், திங்கட்கிழமை கொருக்குப்பேட்டைக்கு வெறுங்கையோடு போனேன். "இன்னா சம்பந்தி, பருத்திச் செடி நட்டுட்டு வந்துகீறீங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டு, பந்தியே சிரித்தது. நான் நேராகத் தொட்டிலிடம் போனேன். தொட்டிலில் வெறும் வேட்டித் துணியில் என் பேரன் குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கட்டுப் பிரிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. விரல் நுனியில் இன்றும் உணர்ச்சி பாதிதான். நகம் இரண்டாகப் பிளந்தே வளர்கிறது. பால் பாக்கெட்டை வெட்டவும் பல் தேய்க்கும் பேஸ்ட் மூடியைத் திருகவும் வலது கையை மட்டும் நம்பப் பழகிக்கொண்டேன். விரிப்பைப் புதுப் பஞ்சு வைத்து, பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டு, இரண்டு பேருமாகத் தைத்து முடித்தோம். நான் துணியைப் பிடிக்கவில்லை, சதுரங்களை எண்ணிக் கொடுத்தேன்.

என் ஆத்திரம் மட்டும் இன்னும் ஆறவில்லை. காசு வாங்கிக்கொண்டு விரலைப் பார்க்காத கிளினிக் மீது ஒரு பங்கு. சொன்னதைக் கேட்காத என் மீது இரண்டு பங்கு. மிச்சம் அந்தக் கம்பெனி மீது. ஊசி முனை குறைந்தால் வேலையையே நிறுத்தும் அவர்கள், அந்தச் சனிக்கிழமை வராததற்காக அவளுக்கு ஒரு நாள் கூலியையும், அந்த மாதம் முழுக்க வேலைக்கு வந்தால் தரும் ஊக்கத்தொகையையும் பிடித்துவிட்டார்கள், 920 ரூபாய். நான் மூன்று முறை நீட்டினேன். "போ நைனா, பேஜாரு பண்ணாத" என்று மூன்று முறையும் தள்ளிவிட்டாள். கிளினிக், ஆட்டோ, மாத்திரை, பஞ்சு, ஊசி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 1,894. என் பேரன் அந்த விரிப்பில் கவலையில்லாமல் புரண்டதைப் பார்த்த பிறகு, அவள் இழந்ததையும் என் செலவாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆக மொத்தம் 2,814 ரூபாய்.