சப்பாத்துக்குள் அடங்கிய கொலுசு

போன மாசி மாதம், இரண்டு வயது மகள் ஆதிராவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஒஸ்லோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஊரில் நான் சமைத்தாலும் உடுப்புத் தோய்த்தாலும் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்பதைக் கால் கொலுசே சொல்லிவிடும்.

ஒருநாள் நகரம் பார்க்கப் புறப்பட்டோம். அக்கா அவளுக்குக் கம்பளிக் காலுறையும் அதன்மேல் தடித்த சப்பாத்தும் போட்டுவிட்டாள். திரும்பும்போது, நிலக்கீழ் ரயில் நிலையத்தில் டிக்கெட் மெஷின் முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

"பிள்ளை எங்கையடி?" என்றாள் அக்கா.

"இஞ்சைதான் நிக்கிறாள்," என்றேன், திரும்பாமலே.

அக்கா ஓடிய பிறகுதான் திரும்பினேன். கீழே இறங்கும் எஸ்கலேட்டரின் வாயில், முன்பின் தெரியாத ஒரு பெண், படியில் கால் வைக்கப் போன ஆதிராவின் குளிர் ஜாக்கெட்டை முதுகுப் பக்கம் பற்றி இழுத்துப் பிடித்திருந்தாள். எனக்குக் கத்தவும் வரவில்லை, ஓடவும் வரவில்லை. கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தபடி நின்றேன்.

வீட்டில் சப்பாத்தைக் கழற்றியதும் கொலுசு சத்தம் கேட்டது. அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

அங்கே இருந்த மிச்ச நாட்களில், வெளியே இறங்கினால் பிள்ளையின் கையை நான் விட்டதே இல்லை. குளிர் நாட்டுக்குச் சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

இப்போது ஊரில் ஆதிரா வெறுங்காலோடு ஓடுகிறாள். கொலுசு நன்றாகவே கேட்கிறது. கேட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன்.