யார் மடியிலோ என் பை

நியூயார்க்கில் வேலையாயிருந்த மகன் என்னையும் என் வீட்டுக்காரரையும் வரச் சொன்னபோது, போனில் முதலில் வந்தது எச்சரிக்கைதான். எட்டாவது படித்த கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பையைத் தோளில் குறுக்காக மாட்டு, கழற்றாதே. வழி தெரியாதவள் மாதிரி நடுவழியில் நிற்காதே. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நில், அடுத்த ரயிலில் ஏறாதே. அந்தத் தாளை முருகன் படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் திருப்போரூரிலிருந்து கிளம்பினேன்.

பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வா என்றும் அங்கே போனதும் சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை. யாராவது மறித்துக் கேட்டால் எதைக் காட்டுவது? எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் கந்தசாமி கோயில் விபூதிப் பொட்டலத்தோடு கைப்பையில் போட்டு வைத்திருந்தேன். நாலு நாளில் ஊர் திரும்ப வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் நேர்ந்திருந்தேன்.

அன்று காலை பாதாள ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. மகன் கூட்டத்தில் உள்ளே தள்ளப்பட்டுவிட்டான். நானும் அவரும் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ரயில் குலுங்கியது. என் முன்னால் என் வயதுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். செங்கல்பட்டு பஸ்ஸில் நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைப்பது வழக்கம். கேட்கக்கூடத் தேவையில்லை. என் கை தானாகப் பையைக் கழற்றி அவர் மடியில் வைத்துவிட்டது.

அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார். உரக்க ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த ஒருவர் சட்டென்று எழுந்து விலகினார்.

"யம்மா, பைய எடும்மா!" மகனின் குரல் தலைகளுக்கு அப்பாலிருந்து வந்தது.

நான் கையை நீட்டுவதற்குள் நிலையம் வந்துவிட்டது. இறங்குகிற கூட்டம் எங்களையும் சேர்த்து வெளியே தள்ளியது. திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் மகன், அங்கேயே நில் என்று கையைக் கீழ்நோக்கிக் காட்டிக்கொண்டே போனான்.

"பாஸ்போர்ட்டு எங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பையில கீது."

"பை?"

"அந்தம்மா மடில."

"மடிலயா? திருப்போரூர் பஸ்ஸுன்னு நெனச்சிகினியா நீ? இனிமே ஊருக்கு எப்டி போறது, நீஞ்சிகினா?"

அடுத்த ரயில் வந்து நின்றது. அவர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுடி! அந்தம்மா எறங்கிட்டா அப்பறம் எங்க போயி தேடுவ?"

"நின்ன எடத்துலயே நில்லுன்னு புள்ள சொல்லிகீறான். நீங்களும் போயிட்டா நான் இன்னாங்க பண்ணுவேன்? எனக்கு ஏ, பி, சி, டி கூட நேரா வராது."

அவர் காலை எடுத்தார். கதவு மூடியது. இன்னொரு ரயில் போனது. இன்னொன்றும் போனது. வெறும் தோளைத் தடவிக்கொண்டு, முருகா, நான் புத்தி கெட்டுப்போய்ச் செய்தேன், அவரையாவது ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

கடைசியில் படிக்கட்டில் மகன் இறங்கி வந்தான். அவன் கை காலியாக இருந்தது. அவனுக்குப் பின்னால், பையை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்துக்கொண்டு அந்தப் பெண்மணி மூச்சிரைக்க வந்தார்.

"என் கைல தரமாட்டேன்னுட்டாங்கம்மா. நீ அவங்க புள்ளன்னு எனக்கு எப்படித் தெரியும், வெச்சவங்க கைலதான் குடுப்பேன்னு எதிர் ரயில் ஏறி வந்துட்டாங்க. வேலைக்கு லேட்டாயிடுச்சாம்."

நான் கும்பிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன். விபூதிப் பொட்டலத்தைத் தேடிப் பைக்குள் கை விட்டேன். அவர் அதற்கு நிற்கவில்லை. பையைத் திரும்ப வாங்கி மூடி, அதன் வாரை என் தலை வழியாகக் குறுக்கே மாட்டிவிட்டு, விரலை ஆட்டி ஏதோ கண்டித்துவிட்டு ஓடினார்.

"இன்னாப்பா சொல்லுது அந்தம்மா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் போன்ல சொன்னதையேதான்ப்பா."